நாலு டாலரும் ஒரு வாக்குறுதியும்

கனடா நாட்டின் சுப்ரீம் கோர்ட் 2024-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி ஒரு தீர்ப்பு வழங்கியது. வழக்கின் மையத்தில் இருந்தது வெறும் நாலு டாலர். 1850-ஆம் ஆண்டில், ஹூரான், சுப்பீரியர் என்ற இரு பேரேரிகளின் வடகரையில் வாழ்ந்த அனிஷினாபே மக்களிடமிருந்து பெருநிலப்பரப்பைப் பெற்றுக்கொண்ட பிரிட்டிஷ் அரசாங்கம், அதற்கு ஈடாக ஆண்டுதோறும் ஒரு தொகை தருவதாக ஒப்புக்கொண்டது. நிலத்திலிருந்து வருமானம் பெருகினால் அந்தத் தொகையும் பெருகும் என்பது உடன்படிக்கையின் ஷரத்து. 1875-இல் அது தலைக்கு நாலு டாலராக உயர்ந்தது. அதன் பிறகு ஒரு காசு கூட உயரவில்லை.

இடைப்பட்ட காலத்தில் அந்த மண்ணில் நடந்தது என்ன? 1883-இல் ரயில் பாதை போடும்போது சட்பரி என்ற இடத்தில் நிக்கலும் செம்பும் கண்டெடுக்கப்பட்டன. உலகின் மிகப் பெரிய நிக்கல் சுரங்கங்களில் சில அங்கே தோன்றின. காடுகள் மரமாயின, மரம் பணமாயிற்று. நகரங்கள் எழுந்தன. ஆனால் நிலத்தைக் கொடுத்தவனுக்கு மட்டும் அதே நாலு டாலர். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள். இங்கே சோளப்பொரியும் நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய அளவில்தான் அளந்து போடப்பட்டது.

அரசாங்கம் தன் கடமையை மறந்து, உடன்படிக்கையைக் கேலிக்கூத்தாக்கிவிட்டது என்ற பொருளில் நீதிபதிகள் ஏகமனதாகக் கண்டித்தார்கள். இது ஏதோ ஒரு தொலைதூர நாட்டின் வரவு செலவு விவகாரம் என்று ஒதுக்கிவிடத் தக்கதல்ல. ஓர் அரசாங்கம் எழுதிக்கொடுத்த வாக்குக்கு வயதாகுமா, காலம் கடந்தால் அது காலாவதியாகிவிடுமா என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது. அதற்கு விடை காண, கனடாவின் கதையைத் தொடக்கத்திலிருந்தே பார்க்க வேண்டும்.

சிலுவை நட்டவன் சொன்ன சமாதானம்

1534-ஆம் ஆண்டு ஜூலை மாதம், பிரெஞ்சு மாலுமி ஜாக் கார்ட்டியே கஸ்பே கடற்கரையில் முப்பது அடி உயரச் சிலுவை ஒன்றை நட்டான். பிரான்ஸ் மன்னர் வாழ்க என்ற வாசகம் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. அப்பகுதிக்கு மீன் பிடிக்க வந்திருந்த மக்களின் தலைவர் டொன்னகோனா படகில் வந்து ஆட்சேபம் தெரிவித்தார். தம்மைக் கேட்காமல் இதை நடக்கூடாது என்பதைச் சைகையாலேயே உணர்த்தினார். கார்ட்டியே என்ன சொன்னான்? கப்பல்கள் வழி கண்டுகொள்வதற்கான ஓர் அடையாளமே அது என்று சமாதானம் சொன்னான். அத்தோடு நிற்காமல் தலைவரின் இரு புதல்வர்களையும் பிரான்ஸுக்குக் கொண்டு போனான்.

அடுத்த ஆண்டு அவர்களே அவனுக்கு செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் வழி காட்டினார்கள். தங்கள் ஊரைச் சுட்டிக்காட்டி அவர்கள் சொன்ன 'கனாட்டா' என்ற சொல்லே நாட்டின் பெயராயிற்று. அதற்குக் கிராமம் என்று பொருள். அந்தக் குளிர்காலத்தில் ஸ்கர்வி நோய் கண்டு கார்ட்டியேயின் ஆட்கள் சுமார் இருபத்தைந்து பேர் மாண்டனர். எஞ்சியவர்கள் பிழைத்தது, தலைவரின் மகன் டொமகாயா காட்டிக்கொடுத்த ஒரு மரப்பட்டைக் கஷாயத்தால். உயிர் காத்ததற்குக் கைம்மாறு என்ன தெரியுமா? 1536-இல் ஊர் திரும்பும்போது டொன்னகோனாவையும் வேறு சிலரையும் கார்ட்டியே கடத்திச் சென்றான். பத்துப் பேரில், ஒரு சிறுமியைத் தவிர, அத்தனை பேரும் அன்னிய மண்ணில் இறந்துபோயினர்.

பெயரிலேயே ஒரு பிழையும் உண்டு. இந்தியாவைத் தேடிப் போன கொலம்பஸ் வழியில் கண்ட மக்களுக்கு இந்தியர் என்று பெயரிட்டான். அந்தத் தவறான பெயர் கனடாவின் சட்டப் புத்தகத்தில் இன்றைக்கும் இருக்கிறது. 1876-ஆம் ஆண்டின் இந்தியர் சட்டம் பல திருத்தங்களுடன் இன்னும் அமுலில் உள்ளது.

பிறர் சொத்தைத் தானம் செய்த மன்னர்

1670-இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ், ஹட்ஸன் வளைகுடாவில் கலக்கும் ஆறுகள் பாயும் நிலம் முழுவதையும் ஒரு வியாபாரக் கம்பெனிக்குச் சாசனம் செய்து கொடுத்தார். ஏறத்தாழ 15 லட்சம் சதுர மைல். மன்னர் அந்த நிலத்தைக் கண்டதில்லை. அங்கே வாழ்ந்த மக்களுக்கோ இப்படி ஒரு தானம் நடந்ததே தெரியாது. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். கிழக்கிந்தியக் கம்பெனியின் சரித்திரம் அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, அதே நிலத்தின் மீது தனக்கிருந்த உரிமையைக் கம்பெனி 3 லட்சம் பவுனுக்குக் கனடா அரசாங்கத்திடம் ஒப்படைத்தது. அப்போதும் அங்கே குடியிருந்தவர்களை எவரும் கேட்கவில்லை.

ஆயினும் இக்கதையை ஒரே நிறத்தில் தீட்டிவிடுவது நியாயமாகாது. தொடக்க காலத்தில் வெள்ளையர் எண்ணிக்கையில் மிகச் சிலர். பீவர் என்ற நீர்விலங்கின் தோலுக்காகவும், உணவுக்காகவும், காட்டு வழிக்காகவும் பூர்வகுடிகளையே அவர்கள் நம்பியிருந்தார்கள். 1608-இல் கியூபெக் நகரை நிறுவிய சாம்ப்ளேன், ஹூரான், அல்கான்குவின், இன்னு ஆகிய இனத்தாருடன் நேசம் கொண்டான். அந்த நேசத்தின் விலையாக அவர்களுடைய எதிரிகளான இரோக்வா இனத்தாரோடு 1609-இல் போரும் செய்தான்.

நட்பு கொண்டவர்களுக்கும் அதனால் நன்மை விளைந்ததா என்றால், அதுவும் இல்லை. 1634-க்கும் 1640-க்கும் இடையே வைசூரி முதலான புதிய நோய்கள் பரவி, ஹூரான் மக்களில் பாதிப் பேரைக் கொண்டுபோயின. துப்பாக்கியும் தோல் வியாபாரமும் பழைய பகைமைகளைப் பெரும் போர்களாக வளர்த்தன. 1649-இல் ஹூரான் நாடே சிதறிப்போயிற்று.

இருந்தும் பேசித் தீர்க்கும் மரபு அழிந்துவிடவில்லை. 1701-இல் மாண்ட்ரியால் நகரில் ஏறக்குறைய நாற்பது இனத்தாரின் பிரதிநிதிகள், சுமார் 1,300 பேர், கூடினார்கள். அந்தச் சமாதானத்துக்காகப் பாடுபட்ட ஹூரான் தலைவர் கொண்டியாரொங்க் மாநாட்டின் நடுவிலேயே காய்ச்சல் கண்டு இறந்தார். அவருடைய இறுதி யாத்திரையை பிரெஞ்சுக்காரர்கள் இராணுவ மரியாதையுடன் நடத்தினார்கள். ஆகஸ்ட் 4-ஆம் தேதி தலைவர்கள் தத்தம் குலத்துக்குரிய விலங்கு, பறவை உருவங்களை வரைந்து ஒப்பமிட்டனர். சமமானவர்கள் சமமானவர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கை அது.

பாரிஸில் கையெழுத்து, நயாகராவில் வாக்கு

1763-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பாரிஸ் நகரில் பிரிட்டனும் பிரான்ஸும் சமாதானம் செய்துகொண்டன. அந்த உடன்படிக்கை தமிழ்நாட்டவருக்கும் அன்னியமானதல்ல. 1761-இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய புதுச்சேரி அதன்படியே பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. கனடாவை பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடம் விட்டுக்கொடுத்தார்கள். புதுச்சேரி மக்களையும் எவரும் கேட்கவில்லை. கனடாவின் பூர்வகுடிகளையும் எவரும் கேட்கவில்லை.

புதுச்சேரியில் எதிர்ப்பு எழவில்லை. அமெரிக்கக் காடுகளில் எழுந்தது. தங்கள் நிலத்தைப் பிரான்ஸ் எப்படி விட்டுக்கொடுக்கலாம் என்று பூர்வகுடிகள் கேட்டார்கள். பாண்டியாக் முதலிய தலைவர்கள் பல ஆங்கிலக் கோட்டைகளைப் பிடித்தார்கள். அப்போதுதான் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அக்டோபர் 7-ஆம் தேதி ஒரு பிரகடனம் வெளியிட்டார். பூர்வகுடிகளின் நிலத்தை எந்தத் தனி மனிதனும் வாங்கக்கூடாது. அவர்கள் விற்க விரும்பினால், பகிரங்கமாகக் கூட்டப்பட்ட சபையில், அரசின் பெயரால் மட்டுமே வாங்கலாம் என்பது அதன் சாரம்.

அடுத்த ஆண்டு கோடைக்காலத்தில் சர் வில்லியம் ஜான்சன் நயாகராவில் சுமார் இரண்டாயிரம் பூர்வகுடிப் பிரதிநிதிகளைச் சந்தித்தார். பிரகடனம் அங்கே காகிதமாக மட்டும் இருக்கவில்லை. சிப்பி மணிகளைக் கோத்து நெய்த கச்சைகள் கைமாறின. பூர்வகுடிகளுக்கு அந்தக் கச்சைதான் பத்திரம். அதை ஏந்திச் சொல்லப்பட்ட சொல்தான் சாசனம். ஆங்கிலேயர் கணக்கில் அது மன்னர் தம் குடிகளுக்கு அளித்த பாதுகாப்பு. பூர்வகுடிகளின் கணக்கிலோ அது இரண்டு நாடுகள் செய்துகொண்ட நட்பு. ஒரே சபையில் இருந்து எழுந்து போனவர்கள் இரண்டு விதமான நினைவுகளுடன் போனார்கள். கனடாவின் பிற்கால வழக்குகள் பலவற்றுக்கு இந்த இரட்டை நினைவுதான் வேர்.

ஆறு கடந்த பிறகு

ஆறு கடக்கிற வரையில் அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யார் நான் யார் என்று ஒரு பழமொழி உண்டு. பூர்வகுடிகள் விஷயத்தில் ஆங்கிலேயர் நடந்துகொண்ட விதத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைக்காது.

1812-இல் அமெரிக்க ஐக்கிய நாடுகள் கனடாவின் மீது படையெடுத்தபோது டெக்கும்ஸே என்ற மாபெரும் தலைவர் பிரிட்டிஷ் படைக்குத் துணை நின்றார். 1813-இல் போர்க்களத்தில் உயிரையும் விட்டார். போர் முடிந்து அமெரிக்காவுடன் அமைதி ஏற்பட்டதும் பூர்வகுடிகளின் துணை தேவையற்றதாயிற்று. 1830-இல் அவர்களைக் கவனிக்கும் இலாகா இராணுவத்திடமிருந்து சிவில் நிர்வாகத்துக்கு மாற்றப்பட்டது. நேற்றுவரை தோழமைப் படையினர். இன்று பராமரிக்கப்பட வேண்டிய சிறுபிள்ளைகள். சட்டம் மாறவில்லை, 1763-ஆம் ஆண்டுப் பிரகடனம் அப்படியே இருந்தது. மாறியது தேவை ஒன்றுதான்.

டொரான்டோ நகரம் நிற்கும் நிலத்தின் கதை இதற்குச் சான்று. 1787-இல் மிசிசாகா மக்களிடமிருந்து அந்த நிலம் வாங்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது. பிற்பாடு பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், நிலத்தின் எல்லை எழுதப்படவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது! தலைவர்களின் அடையாளக் குறிகள் தனித்தனிக் காகிதத்துண்டுகளில் இருந்து அதில் ஒட்டப்பட்டிருந்தன. 1805-இல் அதைச் 'சரி செய்ய' மீண்டும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 2,50,830 ஏக்கர் நிலத்துக்கு அதில் குறிக்கப்பட்ட விலை பத்து ஷில்லிங். இந்தக் கணக்கு 2010-இல்தான் தீர்ந்தது. கனடா அரசாங்கம் 14.5 கோடி டாலர் கொடுத்தது.

ராபின்ஸன் உடன்படிக்கையும் இப்படித்தான் பிறந்தது. 1840-களில் சுப்பீரியர் ஏரிக்கரையில் சுரங்கம் தோண்ட, நிலத்துக்குரியவர்களைக் கேட்காமலே அரசாங்கம் லைசென்ஸ் வழங்கியது. பிரகடனம் என்னவாயிற்று என்று தலைவர் ஷிங்வாக் கேட்டுப் பார்த்தார். பதில் இல்லை. 1849 நவம்பரில் அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் மைக்கா பே என்ற இடத்துச் சுரங்கத்தைக் கைப்பற்றினார்கள். பிறகுதான் அரசாங்கத்துக்கு உடன்படிக்கையின் ஞாபகம் வந்தது. 1850 செப்டம்பரில் வில்லியம் பெஞ்சமின் ராபின்ஸன் அனுப்பப்பட்டார்.

சுமார் ஐம்பதாயிரம் சதுர மைல் நிலம். அதற்கு ராபின்ஸன் கொண்டுபோன ரொக்கமோ சொற்பம்: முதலில் 4,000 பவுன், பிறகு ஆண்டுதோறும் இரு பகுதியினருக்கும் சேர்த்து 1,100 பவுன். தலைக்கு இரண்டு டாலருக்கும் குறைவு. தலைவர்கள் இதற்கு எப்படி இசைந்தார்கள்? நிலம் செழித்தால் தொகையும் உயரும் என்ற வாக்கினால். இன்று கையில் பணமில்லை, நாளை வரும் வருமானத்தில் பங்கு உண்டு என்பதே பேச்சின் சாரம். அந்த ஷரத்து இல்லாவிட்டால் உடன்படிக்கையே இல்லை.

எதிர் வாதங்கள்

அரசாங்கத் தரப்பில் கூறப்படும் வாதங்களையும் சீர்தூக்கிப் பார்க்கத்தான் வேண்டும்.

தலைக்கு நாலு டாலருக்கு மேல் கொடுப்பது மகாராணியின் கருணையைப் பொறுத்தது என்று பத்திரத்தில் இருக்கிறதே என்பது முதல் வாதம். கருணை என்ற சொல் இருப்பது உண்மை. ஆனால் கருணை காட்டலாமா என்று யோசித்துப் பார்ப்பதும் ஒரு கடமை அல்லவா? நூற்றைம்பது ஆண்டுகளில் ஒருமுறை கூட யோசித்துப் பார்க்காதவன், யோசிக்கும் உரிமை தனக்கே உண்டு என்று வாதாடுவது எப்படிப் பொருந்தும்? சுப்ரீம் கோர்ட்டும் விருப்பதிகாரம் உண்டு என்பதை ஒப்புக்கொண்டு, அதை நேர்மையாகப் பயன்படுத்தியே தீரவேண்டும் என்றது.

இரண்டாவது, தாத்தா பட்ட கடனுக்குப் பேரன் வரி கட்டுவதா என்ற வாதம். கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும். ஆனால் தாத்தா தேடிய சொத்தைப் பேரன் அனுபவிக்கிறான். சுரங்கத்தின் வருமானம் இன்றைய கஜானாவுக்குத்தான் வருகிறது. சொத்தை ஏற்றுக்கொண்டு கடனை மட்டும் மறுக்க எந்த ஊர்ச் சட்டமும் இடம் தராது. நிலத்தை வைத்துக்கொள்ளும் உரிமையே அந்தப் பத்திரத்திலிருந்து வருகிறது என்றால், பத்திரத்தின் மறுபக்கத்தையும் படித்துத்தானே ஆகவேண்டும்?

மூன்றாவது வாதம், இத்தனை காலம் ஏன் வாய் திறக்கவில்லை என்பது. இது மிகவும் கொடுமையானது. 1927-இல் ஒரு சட்டம் வந்தது. பூர்வகுடிகள் தங்கள் நில உரிமை வழக்குக்காக அனுமதியின்றிப் பணம் திரட்டினால் குற்றம். அதை வாங்கும் வக்கீலும் குற்றவாளி. 1951 வரையில் இந்தத் தடை இருந்தது. இருப்பிடத்தில் வாழும் பூர்வகுடிகள் தம் தனி அந்தஸ்தை இழக்காமல் நாட்டுத் தேர்தலில் வாக்களிக்க 1960-இல்தான் வழி பிறந்தது. ஒன்றரை லட்சம் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு விடுதிப் பள்ளிகளில் அடைக்கப்பட்டு, தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டனர். இதற்காக 2008-இல் பிரதமரே பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டார். வாயைக் கட்டியவனே ஏன் பேசவில்லை என்று கேட்பது அறமாகுமா?

நினைவும் ஒரு சாட்சி

கனடாவின் நீதிமன்றங்களைப் பாராட்டத் தயங்க வேண்டியதில்லை. 1982-ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் பூர்வகுடிகளின் உடன்படிக்கை உரிமைகளை அங்கீகரித்தது. 1997-இல், டெல்கமூக் வழக்கில், எழுத்தில் இல்லாவிட்டாலும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த வாய்மொழி வரலாறும் சாட்சியமே என்று சுப்ரீம் கோர்ட் ஏற்றது. 1999-இல், 1760-61-இல் மிக்மாக் மக்களோடு செய்த உடன்படிக்கைகளின்படி அவர்களுக்கு மீன்பிடித்து மிதமான பிழைப்பு நடத்தும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. இருநூற்று நாற்பது ஆண்டு வாக்கும் செல்லும் என்பதே இதன் பொருள்.

ஆனால் ஒவ்வொரு வாக்குக்கும் ஒரு வழக்கு வேண்டியிருக்கிறதே, அதுதான் குறை. ராபின்ஸன் உடன்படிக்கையின் ஹூரான் பகுதியினர் வழக்குத் தொடங்கியது 2014-இல். ஹூரான் பகுதியினருக்குக் கடந்தகால பாக்கியாக ஆயிரம் கோடி டாலர் தர 2023-இல் அரசாங்கங்கள் முன்வந்தன. தொகை பெரிதுதான். எனினும் அது அன்பளிப்பல்ல; அவ்வப்போது கொடுத்திருந்தால் எவருக்கும் பாரமாகத் தெரிந்திராத பணம். உடன்படிக்கைத் தொகைகளைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய, இரு தரப்பாரும் நம்பும் ஒரு நிரந்தர அமைப்பு தேவை. வாக்குக் கொடுத்தவனே அதற்கு விளக்கமும் சொல்லி, நிறைவேற்றியாயிற்றா என்று தீர்ப்பும் சொல்வது ஒழிய வேண்டும். எஞ்சிய பூசல்களை வக்கீல்களிடம் விடாமல் பேசித் தீர்ப்பதே கனடாவுக்குப் பெருமை தரும்.

இதில் தமிழர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகளாகப் போன தமிழர்கள் டொரான்டோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். அந்தக் கொடுமைகளில் அவர்களுக்குப் பங்கில்லை. அந்த நிலத்தின் பயனில் பங்குண்டு. 2021 முதல் கனடாவில் குடியுரிமை பெறுபவர் எடுக்கும் உறுதிமொழியில், பூர்வகுடிகளின் உடன்படிக்கை உரிமைகளை அங்கீகரிக்கும் அரசியல் சட்டத்தை மதித்து நடப்பதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொந்த மண்ணில் ஒப்பந்தங்கள் கிழித்தெறியப்பட்டதைக் கண்டவர்களுக்கு அந்த உறுதிமொழியின் பொருளைப் பிறர் விளக்க வேண்டியதில்லை.

மக்கள்தொகையில் நூற்றுக்கு ஐந்து பேராகிவிட்டவர்களிடம் கொடுத்த வாக்கை மீறினால் தேர்தலில் தோல்வி வராது, போரும் வராது. அப்படி எந்த நிர்ப்பந்தமும் இல்லாத இடத்தில் காப்பாற்றப்படும் வாக்குத்தான் ஓர் அரசாங்கத்தின் நாணயத்தைக் காட்டும். கனடா அரசாங்கம் மேலும் ஒரு தலைமுறையைக் கோர்ட் வாசலில் நிறுத்தாமல், 1850-இல் ஒப்புக்கொண்டதை இனியாவது ஆண்டுதோறும் தானாகவே கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.